பேசின் பிரிட்ஜ் முதல் பழவேற்காடு வரை: வடசென்னைக் கால்வாய்ப் படகுகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோமே, அந்தப் பக்கிங்காம் கால்வாய்தான் நூறு வருஷத்துக்கு மேல் வடசென்னைக்குச் சோறும் உப்பும் விறகும் கொண்டுவந்த பாதை. அதில் படகு ஓடியது என்று பேச்செடுத்தால் உடனே கேள்விகள் வரும். வழக்கமாக வருகிறவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சிலவற்றுக்கு இரண்டு வரி போதும்.

சென்னையில் ஆறுகள் இருக்க, படகு ஏன் கால்வாயில் ஓடியது?

கூவம், அடையாறு, கொசஸ்தலை மூன்றும் மேற்கிலிருந்து வந்து கடலில் விழுகிற ஆறுகள். மழைக்காலம் முடிந்தால் தண்ணீர் வற்றிவிடும், முகத்துவாரத்தை மணல் மூடிவிடும். ஊருக்குச் சரக்கு வர வேண்டியதோ வடக்கே நெல்லூர்ப் பக்கத்திலிருந்து. கடல் வழியாகக் கொண்டுவரலாம் என்றால் அன்றைக்கு மெட்ராஸுக்குத் துறைமுகம் கிடையாது. ஆகவே கடலோரமாகவே, கரைக்குச் சற்று உள்ளே இருந்த உப்பங்கழிகளை ஒன்றோடொன்று கோத்து ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். சென்னையில் நீண்ட காலம் நிலைத்து நடந்த படகுப் போக்குவரத்து எது என்று தேடினால், ஆறுகளை விட்டுவிட்டு இந்தக் கால்வாய்க்குத்தான் வர வேண்டும்.

இது பஞ்சத்தில் வெட்டிய கால்வாய்தானே?

எல்லோரும் சொல்வது அதுதான். ஆனால் வடசென்னையில் இருக்கிற பகுதிக்கு அது பொருந்தாது.

தாது வருஷப் பஞ்சம் என்று பெரியவர்கள் சொல்கிற 1876-78 பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டது கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கிற சுமார் 8 கிலோமீட்டர்த் துண்டு. 1877-78-ல் அந்த வேலை நடந்தது. அந்தக் காலத்து நிவாரண வேலைகளில் ஆண் கூலியாளுக்கு அரசு நிர்ணயித்த கூலி ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும். ஒரு பவுண்டு என்பது அரை கிலோவுக்கும் குறைவு. பட்டினியில் வந்தவர்களை அந்தச் சோற்றுக்கு மண் வெட்ட வைத்தார்கள்.

வடக்குப் பகுதி அதற்கு எழுபது வருஷம் மூத்தது. நகரிலிருந்து எண்ணூர் வரை சுமார் 11 மைல் நீளத்துக்கு வெட்டி, 1806-ல் படகு விட்டார்கள். பேசில் காக்ரேன் என்பவர் பொறுப்பில் நடந்த வேலை, அதனால் காக்ரேன் கால்வாய் என்று பெயர். அதை 1837-ல் அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது. பிறகு பழவேற்காடு ஏரி வரை, 1850-களில் துர்க்கராஜபட்டினம், கிருஷ்ணபட்டினம் என்று வடக்கே நீண்டுகொண்டே போனது. பஞ்சத்துத் துண்டு சேர்ந்து தெற்கும் வடக்கும் இணைந்ததும், 1878-ல், அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை மொத்தத்துக்கும் வைத்துவிட்டார்கள். கடைசி 8 கிலோமீட்டரின் கதை மொத்தக் கால்வாயின் கதையாகிவிட்டது இப்படித்தான்.

இங்கே இன்னொரு குழப்பமும் உண்டு. ஸ்டான்லியைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் வீட்டுப் பாட்டிகள் சொல்வது தாது வருஷத்தால் வந்தது அல்ல. அது 1782 பஞ்சத்தில் ராயபுரம் பக்கம் மணியக்காரர் சத்திரத்தில் கஞ்சி ஊற்றத் தொடங்கியதிலிருந்து வந்த வழக்கம்.

கால்வாய் மொத்தம் எவ்வளவு நீளம்?

ஆந்திரத்துப் பெத்த கஞ்சாமிலிருந்து புதுச்சேரிக்கு வடக்கே இருக்கிற மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். இதில் 257 ஆந்திரத்தில், 163 தமிழ்நாட்டில். பெத்த கஞ்சாமுக்கு வடக்கே கிருஷ்ணா, கோதாவரி டெல்டாக் கால்வாய்களோடு இணைப்பு உண்டு. அதனால் காக்கிநாடா வரை தண்ணீரிலேயே போகலாம் என்ற நிலை இருந்தது.

காக்ரேன் யார்?

கிழக்கிந்தியக் கம்பெனி உத்தியோகஸ்தர். கப்பற்படைக்குச் சாமான் சப்ளை செய்யும் கான்டிராக்டில் நிறையச் சம்பாதித்தவர். ஊருக்குத் திரும்பிய பிறகு லண்டனில் நீராவிக் குளியல் நிலையம் ஒன்று நடத்தினார்.  

பேசின் பிரிட்ஜில் படகுத்துறை இருந்ததா?

இருந்தது. வடக்கிலிருந்து வருகிற படகுகள் நின்று, சரக்கு இறக்கி, திரும்பிப் போக அகலமான தேக்கம் வேண்டும். அந்தத் தேக்கத்தைத்தான் வெள்ளைக்காரர்கள் பேசின் என்றார்கள். தேக்கம் போய்விட்டது, ஸ்டேஷன் பெயர் மட்டும் மிச்சம். தினமும் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் வாங்குகிறவர்களில் எத்தனை பேருக்கு அங்கே படகு கட்டினார்கள் என்று தெரியும்?

பக்கத்திலேயே சால்ட் கோட்டர்ஸ். ரயில்வே சரக்கு நிலையமாக நாம் அறிந்த அந்த இடம் உப்புக் கிடங்காக இருந்தது. படகில் வந்த உப்பு அங்கே குவிந்து, அங்கிருந்து ஊர்களுக்குப் போனது. கால்வாயும் ரயிலும் சந்திக்கும் முனை என்பதால்தான் அந்த இடத்துக்கு அத்தனை மவுசு.

படகில் என்னென்ன வந்தன?

முதலில் உப்பு. எண்ணூர், அத்திப்பட்டு, வல்லூர் பக்கத்து உப்பளங்கள் எல்லாம் கால்வாயை ஒட்டியே இருந்தன. உப்பு அன்று அரசின் ஏகபோகம், எனவே கணக்கும் காவலுமாக ஒரே கிடங்குக்கு வந்து சேர வேண்டும். மூட்டை மூட்டையாக மாட்டுவண்டியில் ஏற்றுவதற்குப் பதில் அளத்தருகே படகை நிறுத்தி நிரப்பிக்கொண்டு வந்துவிடலாம்.

அடுத்தது விறகு. இதுதான் வடசென்னையை நேரடியாகத் தொட்ட சரக்கு என்பேன். கேஸ் அடுப்பும் மண்ணெண்ணெய் ஸ்டவ்வும் வருவதற்கு முன் ஊரில் ஒவ்வொரு வேளைச் சோறும் கட்டையில்தான் வெந்தது. வீட்டுக்கு வீடு விறகு, ஓட்டலுக்கு விறகு, சூளைக்கு விறகு. அந்த விறகில் பெரும்பங்கு ஸ்ரீஹரிகோட்டாக் காட்டிலிருந்தும் கடலோரச் சவுக்குத் தோப்புகளிலிருந்தும் பழவேற்காடு ஏரியைக் கடந்து கால்வாய் வழியே வந்தது. கரையோரத்தில் விறகுத் தொட்டிகள், அதாவது விறகு விற்கிற கிடங்குகள். அங்கே கட்டையை எடை போட்டு வாங்கித் தலையில் சுமந்து போனார்கள். ஆமாம், இன்றைக்கு ராக்கெட் விடுகிற அதே ஸ்ரீஹரிகோட்டாதான். ஏவுதளத்துக்கு அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது 1969-ல். அதற்கு முன் சென்னைக்காரனுக்கு அது விறகுக் காடு.

மூன்றாவது, பழவேற்காட்டுக் கிளிஞ்சல். சிமென்ட் வருவதற்கு முன் கட்டடம் என்றால் சுண்ணாம்பு. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றி அரைத்த சுண்ணாம்பில் பூசிய சுவர் பளிங்கு போலப் பளபளக்கும், மெட்ராஸ் பூச்சு என்று வெளியூரிலும் அதற்குப் பேர் உண்டு. ஜார்ஜ் டவுன் வீடுகளின் பழைய சுவர்களில் கையை வைத்துப் பார்த்தால் தெரியும்.

இவை தவிர நெல்லூர் நெல், அரிசி, ஆந்திரத்து மிளகாய், புகையிலை, கருவாடு, காய்கறி. திரும்பும் படகில் பட்டணத்துச் சாமான்கள்.

மோட்டார் இல்லாமல் எப்படி ஓட்டினார்கள்?

படகு அடிப்பக்கம் தட்டையானது. ஆழமில்லாத தண்ணீரில் கூர்மையான அடி தட்டிவிடும் என்பதால் அப்படி. காற்று சாதகமாக இருந்தால் பாய். பழவேற்காடு ஏரி மாதிரி அகன்ற இடத்தில் பாய் நன்றாக வேலை செய்யும். ஆழம் குறைந்த இடத்தில் நீளமான மூங்கில் கழியை அடியில் ஊன்றித் தள்ளுவார்கள். காற்றும் இல்லை, எதிர் நீரோட்டமும் இருக்கிறது என்றால் கயிறுதான். படகிலிருந்து கரைக்குக் கயிறு கட்டி, ஆட்கள் தோளில் போட்டுக்கொண்டு கரையோரப் பாதையில் நடந்து இழுப்பார்கள். ஆள் நடக்கிற வேகம்தான் படகின் வேகம். பாலம் குறுக்கிட்டால் பாய்மரத்தை இறக்கித்தான் ஆக வேண்டும்.

லாக் என்கிற மதகுக் கதவுகளையும் சொல்ல வேண்டும். கால்வாய் ஆற்றை வெட்டிப் போகிற இடத்தில் கடல் ஏற்றவற்றத்தால் நீர்மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அப்படியே திறந்துவிட்டால் வற்றத்தில் கால்வாய்த் தண்ணீரெல்லாம் கடலுக்குப் போய்விடும், மழைவெள்ளத்தில் வண்டல் உள்ளே வந்துவிடும். அதனால் கூவம் குறுக்கிடும் இடத்தில் இரு புறமும் கதவுகள் வைத்தார்கள். படகு முதல் கதவுக்குள் நுழைந்ததும் பின்னால் மூடிவிடுவார்கள். உள்ளே இருக்கிற தொட்டியில் தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ மறுபக்க மட்டத்துக்குக் கொண்டுவந்து, முன் கதவைத் திறப்பார்கள். படகுக்காரனுக்கு இது காத்திருப்பு, பீடி பற்றவைக்க நேரம்.

எந்தெந்த ஊர் வழியாகப் போகும்?

பேசின் பிரிட்ஜில் புறப்பட்டால் வியாசர்பாடிக்கும் கொருக்குப்பேட்டைக்கும் நடுவே போய், தண்டையார்பேட்டைக்கு மேற்கே ஏறி, மணலியை இடப்பக்கமும் திருவொற்றியூரை வலப்பக்கமும் விட்டு, சடையங்குப்பம் தாண்டி எண்ணூர் உப்பங்கழி. அங்கே கொசஸ்தலை கடலில் சேருகிறது. முகத்துவாரத்தில் மணல் எப்போது அடைக்கும், எப்போது திறக்கும் என்று சொல்ல முடியாது. அதைக் கடந்து அத்திப்பட்டுக்கும் காட்டுப்பள்ளிக்கும் நடுவே வடக்கே போனால் பழவேற்காடு. அதற்கப்புறம் ஏரி, தெலுங்கு நாடு. வடசென்னையில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் புழங்குவதற்குப் பல காரணங்கள் உண்டு. இந்தத் தண்ணீர்ப் பாதையும் அதில் ஒன்று என்பது என் எண்ணம்.

பயணிகளும் போனார்களா, சரக்கு மட்டும்தானா?

போனார்கள். ஆனால் இது சரக்குப் பாதை. ஆட்கள் ஏறிக்கொள்வது உபரி. தெற்குப் பக்கம் மாமல்லபுரத்துக்குப் படகில் போய்வருவது உல்லாசப் பயணமாகவும் இருந்தது. பாரதிதாசன் அப்படிப் போனதைக் கவிதையாகவே எழுதியிருக்கிறார். வடக்குக் கால்வாய்க்கு அப்படி ஒரு கவிஞர் வாய்க்கவில்லை. உப்பையும் விறகையும் யார் பாடுவது?

லைசென்ஸ், கட்டணம் எல்லாம் உண்டா?

உண்டு. கால்வாய்கள், பொது ஓடத்துறைகள் சட்டம் என்று 1890-ல் மதராஸ் மாகாணத்தில் ஒன்று கொண்டுவந்தார்கள். படகுக்கு லைசென்ஸ், கால்வாயில் போகச் சுங்கம், எது பொது ஓடத்துறை என்று அறிவிக்கும் அதிகாரம் எல்லாம் அதில் வருகிறது.

கப்பலில் வந்தவர்கள் கரைக்கு எப்படி வந்தார்கள்?

அது வேறு படகு, வேறு ஆட்கள். ஆனாலும் கேள்வி அடிக்கடி வருவதால் சொல்கிறேன். துறைமுகம் கட்டுவதற்கு முன் கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிடும். அங்கிருந்து மசூலாப் படகு. பலகைகளை ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டுவார்கள். ஆணி அடித்த விறைப்பான படகு கரையலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். கூடவே கட்டுமரத்தில் ஆட்கள் வருவார்கள், யாராவது தண்ணீரில் விழுந்தால் தூக்கிவிட. கோட்டையில் உத்தியோகம் பார்க்க வந்த துரைகளும் அவர்கள் பெட்டிகளும் அந்தக் கடற்கரை மீனவர்களின் தோளில்தான் ஊருக்குள் வந்தார்கள்.

கூவத்தில் படகு விட்டார்களே, அது?

1973-ல், கலைஞர் முதல்வராக இருந்தபோது. கூவத்தைச் சீரமைத்து, கரையில் படகுத்துறைகள் கட்டி, அவற்றுக்குக் கடையெழு வள்ளல்களின் பெயர்களை வைத்தார்கள். வெகுநாள் நிலைக்கவில்லை. சாக்கடை நின்றால்தானே படகு ஓடும்.

சரி, கால்வாய்ப் படகு ஏன் நின்றுபோனது?

புயல்தான் காரணம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். 1965, 1966 புயல்களில் கரைகள் உடைந்தன, மணல் மூடியது. 1976-ல் இன்னொரு புயல். நடந்தது உண்மை. ஆனால் இந்தக் கடற்கரைக்குப் புயல் புதிதா என்ன? கால்வாய் பிழைப்புக் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில் புயல் உடைத்ததைத் திரும்பக் கட்டினார்கள். 1960-களில் கட்டவில்லை. ஏன் என்பதுதான் கேள்வி.

முதல் அடி ரயில். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையிலிருந்து கூடூர் வழியாக வடக்கே ரயில் பாதை வந்துவிட்டது. கால்வாய் போகிற அதே திசை, அதே கடலோரம். ஆந்திரத்து அரிசி, மிளகாய், புகையிலை மாதிரி தூரத்துச் சரக்கு ரயிலுக்குப் போனது. அப்படியும் கால்வாய் இன்னும் அறுபது வருஷத்துக்கு மேல் தாக்குப்பிடித்தது. அவசரமில்லாத, கனமான, மலிவான சரக்கு அதற்கு மிஞ்சியதால்: விறகு, உப்பு, கிளிஞ்சல். அப்புறம் அவையும் ஒவ்வொன்றாய்ப் போயின. வடக்கே ஆந்திரத்துக்குப் போகிற ஜி.என்.டி. ரோட்டில் லாரிகள் பெருகின. லாரி வீட்டு வாசல் வரை வரும், படகு துறை வரைதான் வரும். கிளிஞ்சல் சுண்ணாம்பின் இடத்தை சிமென்ட் பிடித்தது. அடுப்பு மாறியதும் விறகுத் தொட்டிகள் மூடின.

ஆக, புயல் அடித்த நேரத்தில் கால்வாய்க்காகப் பேச வியாபாரிகளில் யாரும் பெரிதாக மிச்சமில்லை. தூர்வார ஆகும் செலவைக் கேட்கவும் ஆளில்லை. படகு நின்றதும் கால்வாயை யாரும் பாதையாகப் பார்க்கவில்லை, வடிகாலாகப் பார்த்தார்கள். அதே ஆண்டுகளில்தான் மணலி தொழிற்பேட்டையாக எழுந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை 1969-ல் ஓடத் தொடங்கியது. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970-ல். பிறகு 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையம், அதன் சுடுநீரும் சாம்பலும். ஓட்டேரி நல்லா என்கிற ஓடையிலிருந்து வருகிற ஊர்க் கழிவும் இதே கால்வாயில்தான் விழுகிறது. படகு ஓடிய வரை தண்ணீர் ஓட வேண்டியது ஒரு துறையின் கடமையாக இருந்தது. நின்ற பிறகு அது யாருடைய கடமையும் இல்லை. என்னைக் கேட்டால் கால்வாய் கெட்டதற்கு இதுதான் மூலம்.

2023-ல் எண்ணெய் பரவியது இதே கால்வாயிலா?

ஆமாம். டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது மணலிப் பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கால்வாயில் இறங்கி எண்ணூர் உப்பங்கழிக்கு வந்தது. மீனவர்களின் படகும் வலையும் கறுப்பாயின, பல வாரம் தொழில் கெட்டது. வடக்குக் கால்வாயில் விடுவதெல்லாம் கடைசியில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் ஜனங்களின் வாசலில் வந்து நிற்கும்.

சுனாமியின்போது கால்வாய் உதவியதாகச் சொல்கிறார்களே?

உண்மைதான். 2004 டிசம்பர் 26 அன்று உள்ளே ஏறிய கடல்நீரைப் பல இடங்களில் கால்வாய் வாங்கிக்கொண்டு, திரும்பக் கடலுக்கே விட்டது.

தேசிய நீர்வழி என்று அறிவித்தார்களே, படகு திரும்ப வருமா?

காக்கிநாடாவிலிருந்து புதுச்சேரி வரையிலான கால்வாய்களையும் கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் சில பகுதிகளையும் சேர்த்து 2008-ல் தேசிய நீர்வழி 4 என்று அறிவித்தார்கள். பெத்த கஞ்சாமிலிருந்து சென்னை வரையிலான 316 கிலோமீட்டரும், சென்னையிலிருந்து மரக்காணம் வரையிலான 110 கிலோமீட்டரும் அதில் அடக்கம். காகிதத்தில் நம் கொருக்குப்பேட்டைக் கால்வாயும் தேசிய நீர்வழிதான்.

தடங்கல் நகருக்குள்ளேயே இருக்கிறது. கூவத்துக்குத் தெற்கே பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள்ளேயே இறக்கிவிட்டார்கள். 1995-ல் சேப்பாக்கம் வரை ரயில் ஓடத் தொடங்கியது, பிறகு மயிலாப்பூர், வேளச்சேரி. தெற்கிலிருந்து வடக்கே ஒரே படகில் சரக்கு கொண்டுபோகிற கதை அத்தோடு முடிந்தது. கொச்சியில் 2023 ஏப்ரலில் வாட்டர் மெட்ரோ என்கிற பயணிகள் படகுச் சேவை ஓடத் தொடங்கிய பிறகு இங்கும் பேச்சு எழுந்திருக்கிறது. பேசப்படுவது பெரும்பாலும் கோவளம் போகிற தெற்குப் பகுதி. ஐ.டி. கம்பெனிகள் அந்தப் பக்கம் இருப்பதால் அதில் ஆச்சரியமில்லை. வடக்கே கேட்க வேண்டியது முதலில் படகு அல்ல, கழிவுநீர்ச் சுத்திகரிப்பு. தண்ணீர் தெளிந்தால் எண்ணூர் மீனவருக்கு இறால் திரும்பும். படகு அப்புறம்.

இப்போது போய்ப் பார்க்க என்ன வழி?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் ஏறுங்கள். பேசின் பிரிட்ஜ், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று கால்வாயின் பழைய வழியை ஒட்டியே ரயில் போகும். எண்ணூர் தாண்டி அத்திப்பட்டு புதுநகருக்கு முன் உப்பங்கழியைக் கடக்கும்போது கதவோரம் நின்றால் மொத்த நிலப்பரப்பும் தெரியும்: தண்ணீர், கோபுரம் மாதிரி புகைபோக்கிகள், நடுவில் சின்னச் சின்னப் படகுகள்.

பொன்னேரியில் இறங்கினால் பழவேற்காட்டுக்குப் பஸ் உண்டு. ஏரியில் படகுச் சவாரிக்கு ஆசைப்பட வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், அதற்குப் பிறகு சுற்றுலாப் படகுக்குத் தடை போட்டார்கள். யாராவது கரையில் வந்து கூப்பிட்டாலும் லைஃப் ஜாக்கெட் இல்லாத படகில் பிள்ளைகளோடு ஏறாதீர்கள். கலங்கரை விளக்கம் இருக்கிற குப்பத்துக்கு இப்போது பாலம் வந்துவிட்டது, நடந்தே போகலாம். டச்சுக்காரர்களின் பழைய கல்லறைகள் ஊருக்குள்ளேயே இருக்கின்றன. வெயிலுக்கு முன் போவது நல்லது, காலையில் போனால் மீன் ஏலமும் பார்க்கலாம்.